அரசு அறிவிப்புகளுக்கு நடுவே நீண்டகாலச் சேமிப்பு: கடலூர், புதுவைக் குடும்பங்களுக்கு ஒரு வழிகாட்டி

ஆண்டுதோறும் பிப்ரவரி 1 அன்று மத்திய பட்ஜெட் வருகிறது. ஏறத்தாழ இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ரிசர்வ் வங்கியின் பணக் கொள்கைக் குழு கூடி, வங்கிகளுக்குத் தான் தரும் குறுகிய காலக் கடனுக்கான ரெப்போ வட்டியை அறிவிக்கிறது. காலாண்டுக்கு ஒருமுறை நிதி அமைச்சகம் அஞ்சலகச் சிறுசேமிப்புத் திட்டங்களின் வட்டியை நிர்ணயிக்கிறது. இவற்றுக்கு இடையே தங்கத்தின் இறக்குமதித் தீர்வை, ஜி.எஸ்.டி., நிலத்தின் வழிகாட்டி மதிப்பு என்று சிறிதும் பெரிதுமாக ஏதாவது ஒன்று மாறிக்கொண்டே இருக்கிறது. ஒவ்வொரு அறிவிப்பு வெளியானதும் "இப்போது என்ன செய்யலாம்?" என்ற கேள்வி வீடுதோறும் எழுகிறது, அதற்கு விடை சொல்லப் பலர் தயாராகவும் இருக்கிறார்கள். பணம் எப்போது தேவைப்படும் என்ற அடிப்படையில் சேமிப்பைப் பிரித்து வைத்திருக்கும் குடும்பத்துக்கு, இந்த அறிவிப்புகளில் பெரும்பாலானவை தன் கணக்கின் ஒரு மூலையை மட்டுமே தொடுகின்றன என்பது விரைவிலேயே விளங்கிவிடும். அப்படிப் பிரிப்பது எப்படி, பிரித்தபின் ஒவ்வோர் அறிவிப்பையும் எந்தப் பகுதியோடு பொருத்திப் பார்ப்பது என்பதை இங்கே விளக்குகிறேன்.

முதலில் ஒரு தாள்

மஞ்சக்குப்பத்தில் குடியிருக்கும் ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்துகொள்வோம். கணவர் சிப்காட் தொழிற்சாலை ஒன்றில் மேற்பார்வையாளர். மனைவி தனியார் பள்ளி ஆசிரியை. இருவருக்கும் சேர்த்து மாதம் 80,000 ரூபாய் கைக்கு வருகிறது. வீட்டுச் செலவு 42,000, வீட்டுக் கடன் தவணை 27,000, மிச்சம் 11,000. ஏழு வயதில் ஒரு மகள். ஒரு முழுத்தாளில் மூன்று கட்டங்கள் போட்டு, முதல் கட்டத்தில் மூன்று ஆண்டுக்குள் தேவைப்படும் பணத்தையும், இரண்டாவதில் பத்து ஆண்டு வரை பொறுக்கக்கூடிய பணத்தையும், மூன்றாவதில் அதற்கு மேல் தொடத் தேவையில்லாத பணத்தையும் எழுத வேண்டும். மகளின் கல்லூரிப் படிப்பு இப்போது மூன்றாவது கட்டத்தில் இருக்கும். ஓராண்டிலேயே இரண்டாவதுக்கு நகர்ந்துவிடும். அதனால் இந்தத் தாளை ஆண்டுக்கு ஒருமுறை புதிதாக எழுத வேண்டியிருக்கும்.

எதிர்காலத் தேவையைக் கணக்கிடும்போது இன்றைய விலையை எழுதினால் ஏமாந்துபோவோம். 2016இல் செய்யப்பட்ட சட்டத் திருத்தத்தின்படி, நுகர்வோர் விலை உயர்வை 4 சதவீதத்தில் நிறுத்துவது ரிசர்வ் வங்கிக்கு அரசு தந்திருக்கும் இலக்கு. மேலும் கீழும் 2 சதவீதம் விலக அனுமதி உண்டு. மேல் எல்லை 6 சதவீதம் என்று அரசே வரையறுத்திருப்பதால், குடும்பக் கணக்கிலும் 6 சதவீதத்தையே வைத்துக்கொள்வது பாதுகாப்பானது. அந்த வேகத்தில் விலைகள் ஏறினால், இன்று மாதம் 25,000 ரூபாயில் நடக்கும் குடும்பத்துக்கு இருபது ஆண்டுக்குப் பிறகு அதே வாழ்க்கைக்கு 80,000 ரூபாய் வேண்டும். பத்திரமாக வங்கியில் போட்டுவிட்டேன் என்று நிம்மதியாக இருப்பவர் பார்க்க வேண்டிய எண் இதுதான். 7 சதவீத வைப்பு வட்டியில் விலை உயர்வுக்கு 6 போனால் மிஞ்சுவது ஒன்று. வரி கட்டுபவராக இருந்தால் அந்த ஒன்றும் மிஞ்சாது.

புதுவையில் பிரெஞ்சு ஓய்வூதியம் பெறும் குடும்பங்கள் இந்தத் தாளில் கூடுதலாக ஒரு வரி எழுத வேண்டும். ஓய்வூதியம் யூரோவில் கணக்கிடப்படுவதால், ரூபாயின் மதிப்பு சரியும் ஆண்டுகளில் கைக்கு வரும் தொகை தானாகக் கூடும். அதை நிரந்தர உயர்வாக எண்ணி, புதுக் கடன் தவணை எதையும் அதன் தலையில் கட்டக் கூடாது. நாணய மாற்றில் கூடுதலாகக் கிடைத்தது மறு ஆண்டே குறையவும் கூடும்.

புயலுக்கென்று ஒரு தொகை

முதல் கட்டத்தின் அடித்தளம் அவசர நிதி. பொதுவாக ஆறு மாதச் செலவு என்று சொல்வார்கள். நமது குடும்பத்துக்கு வீட்டுச் செலவும் தவணையும் சேர்த்து மாதம் 69,000 என்பதால், ஆறு மாதத்துக்கு 4,14,000 ரூபாய் ஆகிறது. இந்தக் கடற்கரையில் வாழ்பவர்களுக்கு அது சற்றுக் குறைவு என்பதே என் கருத்து. 2011 டிசம்பர் 30 அதிகாலையில் தானே புயல் கடலூருக்கும் புதுவைக்கும் இடையே கரையைக் கடந்தது. 2015 இறுதியில் கடலூரை வெள்ளம் சூழ்ந்தது. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுவை அருகே கரையேறியது. தானே புயலில் பண்ருட்டிப் பக்கத்து முந்திரித் தோப்புகளும் பலாத்தோப்புகளும் வேரோடு சாய்ந்தபோது, உடைமையாளர்கள் இழந்தது ஓர் ஆண்டு மகசூலை மட்டுமா? மறுகன்று நட்டு அது காய்ப்புக்கு வரும்வரை பல ஆண்டு வருமானம் போயிற்று. தோப்பு, மீன்பிடிப் படகு, கடைச்சரக்கு என்று இயற்கையை நம்பிய வருமானம் உள்ளவர்கள் ஓர் ஆண்டுச் செலவையாவது தனியே வைப்பது நல்லது. மாதச் சம்பளக்காரர்களும் ஆறு மாதத்தோடு, வீட்டுக் கூரை, வண்டி, குளிர்பெட்டி ஆகியவற்றுக்கென ஒரு தொகையைச் சேர்த்துக்கொள்ளலாம். வீட்டுக் காப்பீடு என்று ஒன்று இருப்பதையே நம்மில் பலர் நினைப்பதில்லை. ஆண்டுக்குச் சில ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கக்கூடிய அந்தக் காப்பீட்டில் வெள்ளமும் புயலும் சேர்ந்திருக்கிறதா என்று கேட்டு வாங்க வேண்டும்.

அவசர நிதியை வங்கிச் சேமிப்புக் கணக்கிலும், உடைத்தால் உடனே கைக்கு வரும் குறுகிய கால வைப்பிலும் பிரித்து வைக்கலாம். ஒரு வங்கியில் ஒருவருக்கு அசலும் வட்டியும் சேர்த்து 5 லட்சம் ரூபாய் வரை வைப்புக் காப்பீடு உண்டு. 2020 பிப்ரவரி 4 வரை அது 1 லட்சமாகவே இருந்தது. ஒரே வங்கியின் மூன்று கிளைகளில் போட்டாலும் மொத்தமாக 5 லட்சம்தான் என்பதால், பெரிய தொகை உள்ளவர்கள் வங்கிகளையே பிரித்துக்கொள்ள வேண்டும். கூட்டுறவு வங்கிகளுக்கு இந்தக் காப்பீடு உண்டு. தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களுக்கு இல்லை. அஞ்சலகச் சேமிப்புக்கோ மத்திய அரசே பொறுப்பு.

பூட்டிய வட்டி, மாறும் வட்டி

அரசுக் கொள்கை ஒரு குடும்பத்தின் சேமிப்பை எப்படித் தொடுகிறது என்பதைக் காண அஞ்சலகத்தைவிட நல்ல இடம் இல்லை. சிறுசேமிப்புத் திட்டங்கள் இரண்டு வகைப்படும். மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம், தேசிய சேமிப்புப் பத்திரம், மாத வருவாய்த் திட்டம், கால வைப்பு ஆகியவற்றில் நீங்கள் பணம் போடும் நாளில் உள்ள வட்டி, அந்தத் தவணைக்காலம் முழுவதும் அப்படியே நிற்கும். பி.பி.எஃப். எனப்படும் பொது வருங்கால வைப்பு நிதியிலும் செல்வமகள் சேமிப்புத் திட்டத்திலும் அப்படி இல்லை. காலாண்டுக்கு ஒருமுறை அறிவிக்கப்படும் வட்டி, பத்து ஆண்டுக்கு முன் போட்ட பணம் உட்பட மொத்த இருப்புக்கும் பொருந்தும். முதல் வகை பூட்டிய வட்டி. இரண்டாவது வகை மாறும் வட்டி. அஞ்சலக முகப்பில் இந்த வேறுபாட்டை யாரும் தாமாக முன்வந்து சொல்வதில்லை.

இதன் விளைவை ஓர் எடுத்துக்காட்டில் பார்க்கலாம். 2020 மார்ச் மாதம் வரை மூத்த குடிமக்கள் திட்டத்தின் வட்டி 8.6 சதவீதம், ஏப்ரல் 1 முதல் 7.4 சதவீதம். நெய்வேலி நிலக்கரி நிறுவனத்தில் ஓய்வு பெற்ற இரு நண்பர்கள், அன்றைய உச்சவரம்பான 15 லட்சத்தை ஒருவர் மார்ச் இறுதியிலும் மற்றவர் ஏப்ரல் முதல் வாரத்திலும் போட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். முன்னவரின் பாஸ்புக்கில் ஒவ்வொரு காலாண்டும் 32,250 ரூபாய் பதிவாகியிருக்கும், பின்னவருக்கு 27,750. ஐந்து ஆண்டில் வேறுபாடு 90,000 ரூபாய். இதே நாளில் பி.பி.எஃப். வட்டி 7.9 இலிருந்து 7.1 ஆக இறங்கியபோது, மார்ச்சில் போட்டவர், ஏப்ரலில் போட்டவர் என்ற பேதமே இல்லாமல் எல்லோருடைய இருப்புக்கும் இறங்கியது.

இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டிய செயல்முறை எளிது. ரிசர்வ் வங்கி ரெப்போ வட்டியைத் தொடர்ந்து குறைத்துவரும் காலத்தில், ஓய்வுக்கால மாத வருமானத்துக்கான பணத்தைக் காலாண்டு முடிவதற்குள் பூட்டிய வட்டித் திட்டத்தில் போட்டுவிட வேண்டும். வட்டி ஏறும் காலத்தில் மொத்தத்தையும் ஒரே நாளில் பூட்டாமல் இரண்டு மூன்று தவணையாகப் போடலாம். மூத்த குடிமக்கள் திட்டத்தின் உச்சவரம்பு 2023 ஏப்ரல் முதல் 30 லட்சமாக உயர்ந்திருப்பதாலும், கணவன் மனைவி இருவரும் தகுதியிருந்தால் தனித்தனியே கணக்குத் தொடங்கலாம் என்பதாலும், இப்படிப் பிரித்துப் போட இடம் உண்டு. வட்டி ஏப்ரல், ஜூலை, அக்டோபர், ஜனவரி மாதங்களின் முதல் நாளில் வரும் என்பதை மனத்தில் வைத்து, வீட்டு வரி, காப்பீட்டுப் பிரீமியம் போன்ற பெரிய செலவுகளை அந்த மாதங்களுக்கு ஒத்திவைத்தால் வைப்பை உடைக்க வேண்டிய தேவை வராது.

அரசியலும் இதில் கலந்தே இருக்கிறது என்பதற்கு ஒரு சாட்சி. 2021 மார்ச் 31 இரவு சிறுசேமிப்பு வட்டிகளைக் கணிசமாகக் குறைத்து ஆணை வெளியாயிற்று, பி.பி.எஃப். வட்டி 6.4 சதவீதம் என்றது அந்த ஆணை. மறுநாள் காலையிலேயே, அது கவனக்குறைவாக வெளியானது என்று கூறித் திரும்பப் பெறப்பட்டது. தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் சட்டமன்றத் தேர்தல் வாக்குப்பதிவு ஏப்ரல் 6 அன்று நடக்கவிருந்தது. காரணத்தை அவரவர் ஊகத்துக்கு விட்டுவிடுகிறேன். இரவு ஆணையைப் பார்த்துவிட்டு மறுநாள் அவசரமாக முடிவெடுக்காமல் ஒரு வாரம் பொறுத்தவருக்கு எந்த இழப்பும் இல்லை.

பி.பி.எஃப். பற்றி இன்னொரு குறிப்பு. ஒவ்வொரு மாதமும் 5ஆம் தேதி முடிவுக்கும் மாத இறுதிக்கும் இடையே உள்ள மிகக் குறைந்த இருப்புக்குத்தான் வட்டி கணக்கிடுவார்கள். 6ஆம் தேதி போட்ட பணத்துக்கு அந்த மாத வட்டி இல்லை. ஆண்டுக்கு ஒரே தவணையாகப் போடக்கூடியவர்கள் ஏப்ரல் 5க்குள் போட்டால் முழு ஆண்டு வட்டியும் கிடைக்கும். வரிச்சலுகைக்கென்று மார்ச் இறுதியில் ஓடும் நம் வழக்கம் பன்னிரண்டு மாத வட்டியைத் தூக்கிக் கொடுப்பதற்குச் சமம். உச்சவரம்பான 1.5 லட்சத்தை ஆண்டுத் தொடக்கத்திலேயே போட்டு, வட்டி 7.1 சதவீதத்திலேயே நின்றால், பதினைந்து ஆண்டு முடிவில் ஏறத்தாழ 40.7 லட்சம் சேரும். அதற்கு வரியும் இல்லை.

நமது குடும்பத்து மகளுக்கு வயது ஏழு என்பதால் செல்வமகள் கணக்குத் தொடங்கத் தகுதி உண்டு. பத்து வயதுக்குள் தொடங்க வேண்டும். 2024 ஜனவரியில் வட்டி 8.2 சதவீதமாக உயர்த்தப்பட்டது. கணக்கு தொடங்கியதிலிருந்து 21 ஆண்டில்தான் முதிர்வடையும் என்பதால், ஏழு வயதில் தொடங்கினால் மகளின் 28ஆம் வயதில்தான் முழுத்தொகை கைக்கு வரும். 18 வயதுக்குப் பின் படிப்புக்கென ஒரு பகுதியை எடுக்க வழி இருந்தாலும், கல்லூரிச் செலவு முழுவதையும் இதை நம்பி விடக் கூடாது.

கடன்காரருக்கு ரெப்போ சொல்லும் செய்தி

ரெப்போ வட்டி 2020 மே மாதம் 4 சதவீதமாக இருந்தது. 2022 மே முதல் படிப்படியாக ஏறி 2023 பிப்ரவரியில் 6.5 ஆயிற்று, 2025 பிப்ரவரியிலிருந்து குறையத் தொடங்கி அவ்வாண்டு டிசம்பரில் 5.25 ஆகியது. 2019 அக்டோபருக்குப் பின் வங்கிகள் வழங்கிய மாறும் வட்டி வீட்டுக் கடன்கள் வெளி அளவுகோலோடு, பெரும்பாலும் ரெப்போவோடு, பிணைக்கப்பட்டிருப்பதால் இந்த ஏற்ற இறக்கம் நேராகக் கடன் கணக்குக்கு வந்துவிடும். அதற்கு முன் கடன் வாங்கியவர்கள் வங்கிக்குப் போய்த் தங்கள் கடன் எந்த முறையில் ஓடுகிறது என்று கேட்டு, தேவையானால் சிறு கட்டணம் கட்டி மாற்றிக்கொள்ள வேண்டும்.

30 லட்சம் ரூபாய்க் கடன், இருபது ஆண்டு, 9 சதவீத வட்டி என்றால் மாதத் தவணை சுமார் 27,000. வட்டி 8 ஆகக் குறைந்தால் தவணை சுமார் 25,100 ஆகும். அந்த 1,900 ரூபாய் மிச்சத்தைக் கையில் வாங்காமல் பழைய தவணையையே கட்டிவந்தால், 240 மாதக் கடன் ஏறத்தாழ 203 மாதத்தில் முடிந்துவிடும். மூன்று ஆண்டுத் தவணை மிச்சம். வட்டி ஏறும்போது நேர்மாறாக, வங்கி தவணையைத் தொடாமல் காலத்தை நீட்டிவிடும். நீளுவது கண்ணுக்குத் தெரியாது என்பதால், ஆண்டுக்கு ஒருமுறை கடன் அறிக்கையை வாங்கி மீதமுள்ள மாதங்களை எண்ணிப் பார்க்க வேண்டும். தனிநபரின் மாறும் வட்டி வீட்டுக் கடனை முன்கூட்டி அடைப்பதற்கு அபராதம் கிடையாது. போனஸ் வரும் மாதத்தில் ஒரு தவணை அசலாகக் கூடுதலாகக் கட்டுவது, வரிக்குப் பிந்தைய கணக்கில் பெரும்பாலான வைப்புகளைவிட மேலானது.

மூன்றாவது கட்டத்துக்குப் பங்குகள்

பத்து ஆண்டுக்கு மேல் தொடாத பணத்தில் பாதி முதல் மூன்றில் இரண்டு பங்கு வரை பங்குகளில் இருப்பது, விலை உயர்வைத் தாண்டிச் செல்வதற்குத் தேவை என்று நான் கருதுகிறேன். தனிப்பட்ட பங்குகளை ஆராய நேரமில்லாதவர்களுக்கு ஐம்பது பெரிய நிறுவனப் பங்குகளின் விலையைக் காட்டும் நிஃப்டி 50 போன்ற குறியீட்டைப் பின்தொடரும் பரஸ்பர நிதியே போதுமானது. மாதந்தோறும் ஒரே தொகையைப் போடும் எஸ்.ஐ.பி. முறையில் 5,000 ரூபாயை இருபது ஆண்டு போட்டு, ஆண்டுக்கு 10 சதவீதம் வளர்ந்தால் 12 லட்சம் முதலீடு சுமார் 38 லட்சம் ஆகும். 10 சதவீதம் என்பது கணக்குக்கு எடுத்துக்கொண்ட எண். சந்தை யாருக்கும் உத்தரவாதம் தருவதில்லை. அதே கணக்கில் செலவாக ஒரு சதவீதம் போய் 9 மட்டும் நின்றால், கிடைப்பது 33.4 லட்சம். ஒரே ஒரு சதவீதம் நாலரை லட்சத்தைத் தின்றுவிடுகிறது.

அந்த ஒரு சதவீதம் எங்கே ஒளிந்திருக்கிறது என்பதை உங்கள் நிதி அறிக்கையிலேயே பார்க்கலாம். நிதியின் பெயருக்குப் பின்னால் "ரெகுலர்" என்று இருந்தால் முகவருக்கான தரகு அதில் அடங்கியிருக்கிறது. "டைரக்ட்" என்று இருந்தால் இல்லை. 2013 ஜனவரி 1 முதல் எல்லா நிதிகளிலும் டைரக்ட் வகை கிடைக்கிறது. குறியீட்டு நிதிகளில் இரண்டுக்கும் இடைவெளி சிறிது. நிதி மேலாளர் பங்குகளைத் தேர்ந்தெடுக்கும் நிதிகளில் அது அரை முதல் ஒரு சதவீதம் வரை போகக்கூடும். ஆனாலும் நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். 2020 மார்ச்சில் கொரோனா அச்சத்தில் நிஃப்டி 7,600 அளவுக்கு விழுந்தபோது வாடிக்கையாளரை விற்கவிடாமல் தடுத்த முகவர், தன் தரகைச் சம்பாதித்துவிட்டார். அவ்வாண்டு நவம்பருக்குள் சந்தை பழைய உச்சத்தைத் தாண்டிவிட்டது.

கொள்கையும் தேர்தலும் சந்தையைக் குலுக்கும்போது என்ன செய்வது? 2024 ஜூன் 3 அன்று, வாக்குக் கணிப்புகளை நம்பி, மும்பைப் பங்குச் சந்தைக் குறியீடான சென்செக்ஸ் 2,500 புள்ளிக்கு மேல் ஏறியது. ஜூன் 4 அன்று வாக்கு எண்ணிக்கையின்போது 4,390 புள்ளி, அதாவது 6 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவாக, சரிந்தது. ஜூன் 7 அன்று புதிய உச்சத்தில் முடிந்தது. அந்த ஒரு வாரம் செய்தியே பார்க்காமல் பண்ருட்டிச் சந்தையில் பலாப்பழ விலை பேசிக்கொண்டிருந்தவரின் எஸ்.ஐ.பி.க்கு எதுவும் ஆகவில்லை. மூன்றாவது கட்டத்துப் பணத்தை எடுக்க ஒரு வார நிகழ்வு எதுவும் காரணமாகக் கூடாது. ஆனால் அந்தப் பணம் தேவைப்படும் நாளுக்கு ஐந்து ஆண்டு முன்பிருந்தே, ஆண்டுக்கு ஐந்தில் ஒரு பங்காகப் பங்கிலிருந்து வைப்புக்கு மாற்றத் தொடங்க வேண்டும். மகளின் கல்லூரிச் சேர்க்கை ஆண்டில் சந்தை விழுந்தால் காத்திருக்க இயலாது.

தங்கமும் மனையும்

தேர்தலுக்குப் பின் வந்த 2024 ஜூலை 23 பட்ஜெட்டில் தங்கத்தின் இறக்குமதித் தீர்வை 15 சதவீதத்திலிருந்து 6 ஆகக் குறைக்கப்பட்டதும், அன்றே சவரனுக்கு இரண்டாயிரம் ரூபாய்க்கு மேல் விலை இறங்கியது. நேரு வீதி நகைக்கடைகளில் முந்தைய வாரம் கல்யாண நகை எடுத்தவர்களுக்கு அது கசப்பாக இருந்திருக்கும். அதன்பின் உலகச் சந்தை விலையால் தங்கம் வெகுதூரம் ஏறிவிட்டது. வாங்க வேண்டிய நகையைத் தீர்வை அறிவிப்புக்காகத் தள்ளிப்போடுவதும், அறிவிப்பைக் கேட்டுத் தேவையில்லாததை வாங்குவதும் வீண்வேலை. மேலும் நகையில் செய்கூலி, சேதாரம், 3 சதவீத ஜி.எஸ்.டி. எல்லாம் போனபின்தான் முதலீட்டுக் கணக்குத் தொடங்குகிறது. நகை அணிவதற்கு; முதலீட்டுக்கு, பங்குச் சந்தையில் வாங்கி விற்கக்கூடிய தங்க நிதியான இ.டி.எஃப். போதும். மொத்தச் சேமிப்பில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம் என்பேன்.

தங்கத்தின் விலையோடு பிணைத்து அரசு வெளியிட்ட தங்கப் பத்திரத்தின் கதை இங்கே குறிப்பிடத்தக்கது. 2015 நவம்பரில் கிராம் 2,684 ரூபாய்க்கு வெளியான முதல் தொகுதி, 2023 நவம்பரில் 6,132 ரூபாய்க்கு முதிர்ந்தது. இடையில் ஆண்டுக்கு 2.75 சதவீத வட்டியும் கிடைத்தது. வாங்கியவருக்கு இவ்வளவு இனித்தது அரசுக்கு விலையுயர்ந்த கடனாக முடிந்ததால், 2024 பிப்ரவரிக்குப் பின் புதிய வெளியீடு இல்லை. தாராளமான அரசுத் திட்டம் எதுவும் நீண்டநாள் திறந்திருக்கும் என்று எண்ணி, இருபது ஆண்டுத் திட்டத்தை அதன்மேல் கட்டக் கூடாது.

மனை விஷயத்தில் ஒன்றே ஒன்று. அங்கீகாரமற்ற மனைகளைப் பதிவு செய்ய 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்தபோது, மகள் கல்யாணத்துக்கென்று கடலூர்ப் புறநகரில் மனை வாங்கிப் போட்டிருந்தவர்கள் விற்க வழியின்றித் தவித்தார்கள். அங்கீகாரம், பட்டா, வில்லங்கச் சான்று மூன்றும் சரியாக இருந்தாலும், மனையை முதல் இரண்டு கட்டங்களில் எழுதக் கூடாது. அவசரத்துக்கு அது பணமாகாது.

வரி மாறினால் என்ன மாறும்

2025 பட்ஜெட்டுக்குப் பின், புதிய வரி முறையில் ஆண்டு வருமானம் 12 லட்சம் வரை உள்ளவர்களுக்கு வருமான வரி இல்லை. சம்பளக்காரருக்கு அதற்கு மேல் 75,000 ரூபாய் நிலைக்கழிவும் உண்டு. அதே முறையில் பழைய 1.5 லட்சம் சேமிப்புக் கழிவும் இல்லை. ஆகவே மார்ச் மாதத்தில் "வரி மிச்சம்" என்று சொல்லி விற்கப்படும் சேமிப்புக் காப்பீட்டுப் பாலிசிகளுக்குப் பலரைப் பொறுத்தவரை இருந்த ஒரே காரணமும் போய்விட்டது. காப்பீடு வேண்டும் என்றால், சேமிப்பு கலக்காமல் உயிரிழப்புக்கு மட்டும் தொகை தரும் டேர்ம் பாலிசி எடுங்கள். தனிநபர் ஆயுள், மருத்துவக் காப்பீட்டுப் பிரீமியங்களுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. இல்லை என்பதால் அதன் செலவும் குறைந்திருக்கிறது.

பங்கு நிதிகளை ஓராண்டுக்கு மேல் வைத்து விற்றால் கிடைக்கும் ஆதாயத்தில் ஆண்டுக்கு 1.25 லட்சம் வரை வரி இல்லை. அதற்கு மேல் 12.5 சதவீதம். 2018க்கு முன் பல ஆண்டுகளாக இந்த வரி இல்லை. பிறகு 10 ஆக வந்து, 2024 ஜூலையில் 12.5 ஆயிற்று. 12 லட்சம் வரை வரியில்லை என்ற சலுகை இந்த ஆதாயத்துக்குப் பொருந்தாது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. வட்டி வருமானத்தை நம்பும் மூத்த குடிமக்களுக்கு, வங்கி வரிப் பிடித்தம் தொடங்கும் வரம்பு 2025 ஏப்ரல் முதல் ஆண்டுக்கு 1 லட்சமாக உயர்ந்திருக்கிறது. அதைத் தாண்டியும் வரி கட்டத் தேவையில்லாதவர்கள், வரி பிடிக்க வேண்டாம் என்ற உறுதிமொழிப் படிவத்தை ஏப்ரல் மாதமே வங்கியில் கொடுத்துவிட வேண்டும்.

கூடுதல் வட்டிக்கு ஆசைப்படும் இடம்

வைப்பு வட்டி குறையும் காலத்தில்தான் "மூன்று வட்டி தருகிறோம்" என்று கிளம்புகிறவர்கள் செழிக்கிறார்கள். மாதம் நூற்றுக்கு மூன்று என்றால் ஆண்டுக்கு 36 சதவீதம். நேர்மையான எந்தத் தொழிலும் கடன் வாங்கி அதைத் தொடர்ந்து கட்ட முடியாது. தமிழ்நாட்டில் 1997 முதலும் புதுச்சேரியில் 2004 முதலும் வைப்பாளர் பாதுகாப்புச் சட்டங்கள் இருக்கின்றன; முறைப்படுத்தப்படாத வைப்புத் திட்டங்களைத் தடைசெய்யும் மத்தியச் சட்டம் 2019இல் வந்தது. ஆனால் சட்டம் வேலை செய்வது பணம் போனபின். சொத்தை முடக்கி, ஏலம்விட்டு, பங்கிட்டுத் தருவதற்குள் ஆண்டுகள் கடந்துவிடும். பணம் போடுவதற்கு முன், ரிசர்வ் வங்கியின் "சசெத்" இணையதளத்தில் அந்த நிறுவனம் வைப்பு வாங்க அனுமதி பெற்றதா என்று பாருங்கள்.

சீட்டு வேறு வகை. 1982ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவான சீட்டில், நடத்துபவரின் கழிவு 7 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. அந்தக் கழிவும் தள்ளுபடியும் போக, கடைசிவரை எடுக்காமல் இருப்பவருக்குக் கிடைப்பது பெரும்பாலும் சுமாரான வட்டியே. வியாபாரத்துக்கு நடுவில் திடீரென்று மொத்தத் தொகை தேவைப்படுபவருக்குச் சீட்டு பயன்படும். பதிவில்லாத தீபாவளிச் சீட்டை, போனால் போகட்டும் என்று விடக்கூடிய தொகைக்கு மேல் கட்ட வேண்டாம்.

அறிவிப்பு வரும் நாளில்

புதிய அறிவிப்பு வந்ததும் அந்த மூன்று கட்டத் தாளை எடுத்து வைத்துக்கொண்டு, இது எந்தக் கட்டத்தைத் தொடுகிறது என்று பாருங்கள். ரெப்போ மாறினால் கடனையும் முதல் கட்டத்து வைப்புகளையும் தொடும். சிறுசேமிப்பு வட்டி மாறினால், பூட்டிய வட்டியில் ஏற்கெனவே போட்ட பணத்தைத் தொடாது. இனிப் போடுவதை மட்டுமே தொடும். ஆதாய வரி மாறினால், விற்கும் ஆண்டில் மட்டும் தொடும். பதினைந்து ஆண்டு கழித்து விற்கப்போகிறவருக்கு இன்றைய விகிதமே அன்றும் இருக்கும் என்பதற்கு உறுதி இல்லாததால், அதற்காக இன்று எதையும் மாற்றத் தேவையில்லை. எந்தத் தேதியிலிருந்து நடைமுறைக்கு வருகிறது, பழைய முதலீட்டுக்கும் பொருந்துமா என்ற இரண்டையும் பத்திரிகைத் தலைப்பில் தேடாமல், அஞ்சலகத்திலோ வங்கியிலோ உள்ள சுற்றறிக்கையில் பாருங்கள். பெரும்பாலான அறிவிப்புகளில் இதற்குப்பின் செய்வதற்கு ஒன்றும் இருக்காது.

ஆண்டுத் தாளைப் புதுப்பிக்கும் அதே நாளில், நியமனதாரர் விவரங்களையும் சரிபார்த்துவிடுங்கள். 2025 நவம்பர் 1 முதல் வங்கிக் கணக்குக்கு நான்கு பேர் வரை நியமிக்கலாம். நியமனதாரர் பணத்தைப் பெற்றுக்கொள்பவர் மட்டுமே. உரிமை சட்டப்படியான வாரிசுகளுக்கு என்பதால், மனதில் வேறு பங்கீடு இருந்தால் உயிலும் எழுத வேண்டும். மறைந்த பெற்றோரின் பெயரில் ஏதேனும் பழைய வங்கிக் கணக்கு கிடக்கிறதா என்ற ஐயம் இருந்தால், ரிசர்வ் வங்கியின் "உத்கம்" இணையதளத்தில் அவர்கள் பெயரையும் பான் எண் அல்லது பிறந்த தேதி போன்ற ஒரு விவரத்தையும் கொடுத்துத் தேடலாம். பத்து ஆண்டு இயக்கமில்லாமல் வேறு நிதிக்கு மாற்றப்பட்ட தொகையானாலும், உரிய சான்றுகளோடு அதே வங்கிக் கிளையில் மனுக் கொடுத்து வாரிசுகள் பெற்றுக்கொள்ள முடியும்.